ஏர்வாடித் தீவிபத்து (2001)

இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் நேர்ந்த தீவிபத்து. 28 பேர் இறந்தனர். அவர்கள் தங்கியிருந்தது கீற்றுக் கொட்டகை. ஆனால் உயிரிழப்பு இவ்வளவு பெருகியதற்குக் கூரையைவிடச் சங்கிலியே காரணம்: பலர் காலில் பிணைக்கப்பட்டிருந்ததால் எழுந்து ஓட முடியவில்லை.

ஏர்வாடியிலுள்ள தர்காவில் தங்கினால் மனநோய் தீரும் என்ற நம்பிக்கையில் பல ஊர்களிலிருந்தும் குடும்பத்தார் நோயாளரை இங்கு அழைத்து வந்தனர். திரும்பிச் செல்லும்போது விட்டுச்சென்றவர்களைப் பணம் பெற்றுக்கொண்டு பார்த்துக்கொள்ளவே இத்தகைய காப்பகங்கள் தர்காவைச் சுற்றிப் பெருகின. மருத்துவரோ பயிற்சி பெற்ற பணியாளரோ இல்லாத இடத்தில், நோயாளர் ஓடிவிடாமல் தடுக்கும் மலிவான வழி சங்கிலிதான். மனநல நிலையங்கள் உரிமம் பெற வேண்டும் என்று 1987ஆம் ஆண்டுச் சட்டமே கூறியிருந்தது. குறை சட்டத்தில் அல்ல, அமலாக்கத்தில்.

ஆகஸ்ட் 13 அன்று இவ்வகைக் காப்பகங்கள் மூடப்பட்டன. ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் அரசுப் பராமரிப்புக்கு மாற்றப்பட்டனர். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. பின்னர் வந்த 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியால் பிணைப்பதைத் தடைசெய்கிறது. உடனடித் தீங்கைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், மனநல மருத்துவரின் ஒப்புதலுடன், காரணத்தைக் குறிப்பேட்டில் பதிந்து, தேவையான நேரத்துக்கு மட்டுமே ஒருவரைக் கட்டுப்படுத்தலாம்.