அமெரிக்காவில் பிரேக் விளக்குப் பழுதும் கார்களைத் திரும்பப் பெறுதலும்: போன்டியாக் ஜி6 வழக்கு (2009–2014)

போன்டியாக் ஜி6 என்பது ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் அமெரிக்காவில் விற்ற ஒரு நடுத்தரக் கார். இதன் பிரேக் விளக்கு சரியாக எரியவில்லை என்ற காரணத்தால் 2009ஆம் ஆண்டில் சுமார் 8,000 கார்கள் திரும்பப் பெறப்பட்டன. அதே பழுதுக்காக 2014ஆம் ஆண்டில் ஜி6 உட்பட நான்கு வகைகளைச் சேர்ந்த 24 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களை அந்நிறுவனம் திரும்பப் பெற நேர்ந்தது. முதல் எண்ணிக்கைக்கும் இரண்டாம் எண்ணிக்கைக்கும் இடையில் ஐந்து ஆண்டுகள் கடந்தன. இந்த இடைவெளியில் கார் உரிமையாளர்கள் அனுப்பிய புகார்கள் என்னவாயின என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிரேக் விளக்கின் கதை

தொடக்க காலக் கார்களில் பிரேக் விளக்கு கிடையாது. ஓட்டுநர் கையை வெளியே நீட்டிச் சைகை காட்டினார். பிரேக் மிதியை அழுத்தினால் பின்புறம் விளக்கு எரியும் ஏற்பாடு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில் மெல்லப் பரவியது.

பின்னால் வரும் வண்டிக்கு இந்த விளக்கு எவ்வளவு உதவுகிறது என்பதை 1970களில் ஒரு சோதனை காட்டியது. ஜான் வோவோட்ஸ்கி என்ற உளவியலாளர் சான் பிரான்சிஸ்கோ நகரத்து வாடகைக் கார்கள் சிலவற்றில் கூடுதலாக ஒரு பிரேக் விளக்கைப் பொருத்தினார். அந்தக் கார்கள், கூடுதல் விளக்கு இல்லாதவற்றைவிட மிகக் குறைவாகவே பின்னாலிருந்து மோதப்பட்டன. அரசு மேற்கொண்ட மறுசோதனைகளும் இம்முடிவை உறுதி செய்தன. ஆகவே 1986 மாடல் முதல் அமெரிக்காவில் விற்கப்படும் எல்லாக் கார்களிலும் பின்புறம் நடுவில், உயரமான இடத்தில், மூன்றாவது பிரேக் விளக்கு கட்டாயமாயிற்று. 1998இல் வெளியான அரசு ஆய்வு, மூன்றாவது விளக்கின் நீண்டகாலப் பயனைக் கணக்கிட்டது. அதன்படி பின்மோதல் விபத்துகள் 4.3 விழுக்காடு குறைந்தன. கேட்பதற்குச் சிறிய எண்தான். ஆனால் பின்மோதல் மிகப் பரவலான விபத்து வகை என்பதால், மிகக் குறைந்த செலவில் கிடைத்த பெரிய பயன் இது.

திரும்பப் பெறுதல் சட்டம்

ரால்ஃப் நேடர் 1965இல் எழுதிய நூல் கார்களின் பாதுகாப்பின்மையைப் பொதுமக்களின் பேச்சுக்குக் கொண்டு வந்தது. அடுத்த ஆண்டு, 1966 செப்டம்பரில், குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் தேசியப் போக்குவரத்து மற்றும் மோட்டார் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். பாதுகாப்பைப் பாதிக்கும் குறை தெரிய வந்தால் உரிமையாளர்களுக்கு அறிவிக்க வேண்டும் என்று இச்சட்டம் கூறியது. பழுதை இலவசமாக நீக்கித் தர வேண்டும் என்ற கடமை 1974ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் வந்தது. அதற்கு முன்பு அறிவிப்பது மட்டுமே நிறுவனத்தின் சட்டக் கடமையாக இருந்தது.

ஃபோர்டு கார்களில் பொருத்தப்பட்ட ஃபயர்ஸ்டோன் டயர்களின் மேற்பட்டை பிரிந்து பல உயிர்கள் பலியானது 2000ஆம் ஆண்டில் பெரும் விவகாரமாயிற்று. அதன்பின் வந்த சட்டம், நிறுவனங்கள் தமக்கு வரும் விபத்து, உத்தரவாதப் பழுது பற்றிய தகவல்களை முன்கூட்டியே அரசுக்குத் தர வேண்டும் என்றது. இவற்றைக் கவனிக்கும் அமைப்பு தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம். கார் உரிமையாளர் எவரும் தொலைபேசி மூலமோ இணையம் மூலமோ இந்த அமைப்பிடம் நேரடியாகப் புகார் செய்யலாம்.

பழுது எங்கே இருந்தது?

பழைய கார்களில் பிரேக் மிதியின் அருகே ஒரு சிறு சுவிட்சு இருக்கும். மிதியை அழுத்தினால் சுற்று இணைந்து விளக்கு எரியும். விளக்கு எரியவில்லை என்றால் பல்பையோ, ஃபியூசையோ, சுவிட்சையோ மாற்றினால் போதும். ஜி6 காரில் அமைப்பு வேறு. மிதி எவ்வளவு அழுந்தியுள்ளது என்பதை ஓர் உணரி மின்னழுத்தமாக அளந்து, வண்டியின் உடற்பகுதிக் கட்டுப்பாட்டுக் கணினிக்கு அனுப்புகிறது. விளக்கை எரிப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பது அந்தக் கணினியே.

இந்தக் கணினியோடு கம்பிகள் சேரும் இணைப்பில்தான் பழுது இருந்தது. வண்டி ஓடும்போது ஏற்படும் அதிர்வால் இணைப்பின் உலோக ஊசிகள் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒன்றோடொன்று உரசுகின்றன. பல ஆண்டுகள் உரசியதும் மேற்பூச்சு தேய்ந்து, அங்கே ஆக்சைடு படிகிறது. அதனால் மின்தடை கூடி, உணரி அனுப்பும் மின்னழுத்தம் தவறாகப் படிக்கப்படுகிறது. விளைவுகள் இரு வகை. மிதியை அழுத்தினாலும் விளக்கு எரியாது. அல்லது அழுத்தாதபோதே விளக்கு எரியும். வேகத்தைச் சீராக வைத்திருக்கும் அமைப்பு, சக்கரங்கள் வழுக்காமல் தடுக்கும் அமைப்பு, திடீர்ப் பிரேக்குக்கு உதவும் அமைப்பு ஆகியவையும் இதே தகவலை நம்பி இருந்ததால் அவையும் பாதிக்கப்பட்டன.

இப்பழுதின் கொடுமை என்னவென்றால், ஓட்டுநருக்கு அது தெரியாது என்பதே. தன் வண்டியின் பிரேக் விளக்கை ஓட்டிக்கொண்டிருப்பவர் பார்க்க முடியாது. பின்னால் வருபவர் ஹார்ன் அடித்தோ, காவலர் நிறுத்தியோ சொன்னால்தான் உண்டு. இணைப்பில் வரும் பழுது விட்டுவிட்டுத் தோன்றும் தன்மை உடையது. காலையில் எரியாத விளக்கு, பணிமனைக்குக் கொண்டுபோன நேரத்தில் ஒழுங்காக எரியும். பல்பை மாற்றிப் பணம் கட்டிவிட்டுத் திரும்பியவருக்கு அடுத்த வாரமே அதே பழுது வரலாம்.

முதல் திரும்பப் பெறுதல் (2009)

2009 ஜனவரியில் ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 8,000 ஜி6 கார்களைத் திரும்பப் பெற்றது. இவை 2005 ஜனவரி மாதத்தில் தயாரிக்கப்பட்டவை. அம்மாதத்தில் தயாரான கார்களில்தான் சிக்கல் என்று நிறுவனம் எல்லை வகுத்துக்கொண்டது. அதே இணைப்பும் அதே அமைப்பும் கொண்ட மற்ற மாதத்துக் கார்கள் விடப்பட்டன. அவற்றுக்காகப் பணிமனைகளுக்குத் தொழில்நுட்பக் குறிப்பு ஒன்று மட்டும் இருந்தது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். திரும்பப் பெறுதல் என்றால் உரிமையாளருக்குக் கடிதம் வரும். பழுது இலவசமாக நீக்கப்படும். தொழில்நுட்பக் குறிப்பு என்பது மெக்கானிக்கிற்கான வழிகாட்டல் மட்டுமே. உத்தரவாதக் காலம் முடிந்தவர் அதற்குப் பணம் கட்ட வேண்டும். பழுதோ, வண்டி பழசான பிறகுதான் தலைகாட்டும் வகை.

அதே ஆண்டு ஜூன் 1 அன்று நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோரியது. ஜூலையில் புதிய நிறுவனமாக எழுந்தது. போன்டியாக், சாட்டர்ன் ஆகிய இரு பெயர்களும் கைவிடப்பட்டன. ஆனால் பழைய கார்களைத் திரும்பப் பெறும் சட்டக் கடமையைப் புதிய நிறுவனம் ஏற்றுக்கொண்டது. கார்ப் பெயர் மறைந்தாலும் கடமை மறையவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

விசாரணையும் இரண்டாம் திரும்பப் பெறுதலும்

திரும்பப் பெறப்படாத ஜி6 உரிமையாளர்களிடமிருந்து புகார்கள் தொடர்ந்து வந்தன. 2013 தொடக்கத்தில், 2009ஆம் ஆண்டு நடவடிக்கை போதுமான கார்களை உள்ளடக்கியதா என்று கேட்டுப் பாதுகாப்பு நிர்வாகம் விசாரணை தொடங்கியது. சுமார் 5,50,000 கார்கள் அவ்விசாரணையில் அடங்கின. புகார் செய்தவர்களில் மிகப் பெரும்பாலோரின் கார்கள் முதல் பட்டியலில் இல்லாதவை.

2014 மே 15 அன்று ஜெனரல் மோட்டார்ஸ் 24,40,524 கார்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. 2004 முதல் 2012 வரையிலான மாடல்களில் செவ்ரோலெட் மாலிபு, மாலிபு மேக்ஸ், போன்டியாக் ஜி6, சாட்டர்ன் ஆரா ஆகியவை இதில் சேர்ந்தன. பல நூறு புகார்கள், 13 விபத்துகள், இருவருக்குக் காயம் ஆகியவை தனக்குத் தெரியும் என்றும், உயிரிழப்பு இல்லை என்றும் நிறுவனம் கூறியது. நிவாரணமோ மிக எளியது: இணைப்பு அசையாதபடி இறுக்கி, ஊசிகளில் மின்கடத்தாப் பசை பூசி, மிதியின் தொடக்க நிலையைக் கணினிக்கு மீண்டும் கற்பிப்பது. இவ்வளவு சிறிய வேலைக்கு இத்தனை ஆண்டுகள் ஆயின.

தாமதத்தின் காரணங்கள்

2014 மே மாதம் தற்செயலானது அன்று. அவ்வாண்டு பிப்ரவரியில் இக்னிஷன் சுவிட்சுக் குறை வெளியாகி, நிறுவனம் நாடாளுமன்ற விசாரணைக்கு ஆளாகியிருந்தது. அந்தக் குறையால் நேர்ந்த 124 மரணங்களுக்குப் பின்னாளில் இழப்பீடு வழங்கப்பட்டது. பிரேக் விளக்கு அறிவிப்புக்கு மறுநாள், இக்னிஷன் குறையை உரிய காலத்தில் தெரிவிக்காததற்காக 3.5 கோடி டாலர் அபராதத்துக்கு நிறுவனம் உடன்பட்டது. அப்போது சட்டம் அனுமதித்த உச்ச அளவு அதுவே. அந்த உடன்பாட்டு ஆணையில் 2008ஆம் ஆண்டுப் பயிற்சிக் குறிப்பு ஒன்றும் இடம்பெற்றது. ஊழியர்கள் எழுத்தில் தவிர்க்க வேண்டிய 69 சொற்கள் அதில் இருந்தன. ‘குறை’ என்று எழுதாமல் ‘வடிவமைப்பின்படி செயல்படவில்லை’ என்று எழுதச் சொன்னது அது. குறைக்குக் குறை என்று பெயர் வைக்க முடியாத இடத்தில் அதைத் தீர்ப்பதும் தள்ளிப்போகும் என்பதில் வியப்பில்லை.

அரசுத் தரப்பிலும் பலவீனம் இருந்தது. 2015இல் போக்குவரத்துத் துறையின் தலைமைத் தணிக்கை அலுவலகம் வெளியிட்ட அறிக்கை இதைச் சுட்டிக்காட்டியது. 2014இல் சுமார் 78,000 புகார்கள் வந்திருந்தன. அவற்றை முதலில் படித்துப் பிரிக்கும் பணி ஒரே ஊழியரிடம் இருந்தது. நாளொன்றுக்குச் சராசரியாக 330 புகார்கள். ஒரு நாளில் முந்நூற்று முப்பது விடைத்தாள்களை ஒருவர் திருத்தினால் என்ன கவனம் இருக்குமோ, அதே கவனம்தான் இங்கும் இருந்திருக்கும்.

பிற நிறுவனங்கள்

இது ஒரு நிறுவனத்தின் கதை மட்டும் அன்று. 2013 ஏப்ரலில் ஹூண்டாய், கியா நிறுவனங்கள் பிரேக் விளக்குச் சுவிட்சுக்காக அமெரிக்காவில் சுமார் 17 லட்சம் வண்டிகளைத் திரும்பப் பெற்றன. 2019இல் சுபாரு உலகெங்கும் சுமார் 23 லட்சம் வண்டிகளைத் திரும்பப் பெற்றது. துப்புரவுப் பொருட்கள், ஷாம்பு போன்றவற்றிலிருந்து வெளிவரும் சிலிக்கான் சேர்ந்த ஆவி சுவிட்சுக்குள் புகுந்து மின்தொடர்பைக் கெடுத்ததே காரணம்.

இந்தியாவில் உற்பத்தியாளர் சங்கம் 2012இல் தாமாக முன்வந்து திரும்பப் பெறும் நெறிமுறையை வகுத்தது. 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின் 110-அ பிரிவு, உரிமையாளர் புகார்களின் அடிப்படையில் திரும்பப் பெற ஆணையிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தந்தது. இதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன.

மதிப்பீடு

ஜி6 வழக்கில் ஒவ்வொரு புகாரும் தனித்துப் பார்த்தால் ஒரு பல்பு விவகாரம்தான். யாரும் இறக்கவில்லை, செய்தித்தாளில் தலைப்பு வரவில்லை. ஆயினும் விசாரணையைத் திறந்தது அந்தச் சிறு புகார்களின் தொகையே. மாடல், ஆண்டு, பழுது தோன்றிய விதம் ஆகியவற்றை எழுதி அனுப்பிய உரிமையாளர்களால்தான் 8,000 என்ற எல்லை தவறு என்பது வெளிப்பட்டது. பணிமனையில் பணம் கட்டிவிட்டுச் சும்மா இருந்தவர்களின் அனுபவம் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.