பொறியியற் கல்வியின் விதிகளும் வட்டக்கச்சி மாணவனும்

பல்கலைக்கழக விதிக்கோவைகளை வரலாற்று ஆவணங்களாக வாசிக்கும் வழக்கம் நம்மிடையே அரிது. அவை நிருவாகத்தின் தேவைக்காக எழுந்தவை, ஆய்வுக்கு உரியவை அல்ல என்பதே பொதுவான எண்ணமாகும். ஆயினும் கல்வியின் வாயிலில் நிற்போருள் எவர் உட்செல்வர், எவர் வெளியே நிற்பர் என்பதனைத் தீர்மானிப்பவை அவ்விதிகளே. பொறியியற் கல்வியின் விதிகளை, இரணைமடு நீரால் வாழும் வட்டக்கச்சியில் நின்று நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வட்டக்கச்சி ஒரு குடியேற்றக் கிராமம். இரணைமடுக் குளத்தின் நீரை நம்பி, கடந்த நூற்றாண்டின் ஐம்பதுகளில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் காணியற்ற விவசாயக் குடும்பங்கள் காடு வெட்டிக் கழனியாக்கிய பிரதேசங்களுள் இதுவும் ஒன்று. பின்னர் 1977 வன்செயல்களால் இடம்பெயர்ந்த மலையகத் தமிழரும் வன்னியின் பல பகுதிகளில் வந்து குடியேறினர். குளம், அணைக்கட்டு, வாய்க்கால், மதகு என்பவையே இம்மக்களின் பொருளாதார வாழ்வின் அடித்தளம். பொறியியல் இவர்களது அன்றாட வாழ்வை ஆளும் ஒரு சக்தி. எனினும் அக்கல்வி நெடுங்காலம் இவர்களுக்கு எட்டாததாகவே இருந்தது.

இலங்கையில் உயர் பொறியியற் கல்வியின் தொடக்கம் கொழும்பிலேயாகும். 1893இல் நிறுவப்பட்ட தொழில்நுட்பக் கல்லூரியில், இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டத்துக்கு மாணவர் ஆயத்தம் செய்யப்பட்டனர். 1950இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கொழும்பில் தொடங்கியது. 1964இல் அது பேராதனைக்குச் சென்றது. 1966இல் கட்டுபெத்தவில் உருவான தொழில்நுட்பக் கல்லூரி, 1978இல் மொறட்டுவைப் பல்கலைக்கழகமாயிற்று. இக்காலம் முழுவதிலும் வடக்கில் பொறியியற் பீடம் எதுவும் இருக்கவில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் அனுமதி விதிகள் அரசியற் கொந்தளிப்பின் மையமாயின. 1971 அனுமதியில், பேராதனைப் பொறியியற் பீடத்துக்குத் தமிழ்மொழி மூலம் தோற்றியவர்கள் 250 புள்ளிகளும், சிங்களமொழி மூலம் தோற்றியவர்கள் 227 புள்ளிகளும் பெறவேண்டியிருந்தது. உள்ளே நுழைந்தபின் இருசாராரும் ஆங்கிலத்திலேயே பொறியியல் கற்றனர் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. பரீட்சை எழுதிய மொழி, கற்கும் தகுதியின் அளவுகோலாக்கப்பட்டது. 1973இல் மொழிவாரித் தரப்படுத்தலும், 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் வந்தன. தமிழ் இளைஞரின் விரக்திக்கு இவை எவ்வாறு எண்ணெய் வார்த்தன என்பது பலராலும் எழுதப்பட்டுள்ளது. அது மறுக்கவியலாத உண்மை.

எனினும் அவ்வுண்மை முழுமையானதன்று. நம்மவர் எழுதிய வரலாற்றில் 'பாதிக்கப்பட்ட மாணவன்' என்றதும் மனக்கண்ணில் தோன்றுபவன், ஆய்வுகூடமும் நூலகமும் நிறைந்த குடாநாட்டுக் கல்லூரியொன்றின் மாணவனே. வட்டக்கச்சி மாணவனின் நிலை யாது? கிளிநொச்சி 1984இலேயே தனி மாவட்டமாயிற்று. அதுவரை அது யாழ்ப்பாண மாவட்டத்தின் ஒரு பகுதி. ஆகவே மாவட்ட ஒதுக்கீடு நடைமுறைக்கு வந்தபோது, வாய்க்காற்கரைப் பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியரின்றிப் படித்தவன், குடாநாட்டின் முன்னணிக் கல்லூரிகளின் மாணவருடன் அதே சுருங்கிய இடங்களுக்காகப் போட்டியிட நேர்ந்தது. 1979இல் வந்த திட்டம், 30 சதவீத இடங்களை நாடளாவிய திறமைக்கும், 55 சதவீதத்தை மாவட்டங்களுக்கும், 15 சதவீதத்தைப் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கியது. மன்னார், வவுனியா, முல்லைத்தீவு ஆகியவை பின்தங்கியவையாகக் கொள்ளப்பட்டன. எல்லைக்கு அப்பால், முல்லைத்தீவு மாவட்டத்தில் அவனையொத்த வறுமையில் வாழ்ந்தவனுக்குக் கிடைத்த சலுகை இவனுக்குக் கிடைக்கவில்லை. வறுமை ஒன்றே, வரைபடத்துக் கோடுதான் வேறு.

பேரினவாத நோக்குடைய ஒரு விதியை எதிர்த்தபோது, நமது சமூகத்தினுள்ளே நிலவிய பிரதேச, வர்க்க ஏற்றத்தாழ்வுகளை நாம் பேசாது விட்டோம். முன்னதை எதிர்த்தது நியாயம். பின்னதை மறைத்தது நியாயமன்று. திறமை ஒன்றையே அளவுகோலாகக் கொண்ட பழைய முறையிலும் வட்டக்கச்சி மாணவன் வாயிலை அணுகியவனல்லன்.

போர் இவ்வவலத்தைப் பன்மடங்காக்கியது. 1996இல் கிளிநொச்சி நகர் இராணுவத்தின் கைக்குச் சென்றபோதும், 2009இன் தொடக்கத்தில் இறுதிப் போர் கிழக்கு நோக்கி நகர்ந்தபோதும், மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். பாடசாலைகளும் அவர்களோடு இடம்பெயர்ந்தன. இப்பின்னணியிலேயே, கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் 2014இல் தனது முதல் மாணவரை வரவேற்றமை வரலாற்று முக்கியத்துவம் பெறுகின்றது. வட்டக்கச்சியிலிருந்து சில கிலோமீற்றர் தூரத்தில் பொறியியற் பீடம்! ஆயினும் தூரம் குறைந்தமை கொண்டு வாயில் திறந்துவிட்டது எனக் கொள்ளலாகாது.

இனிப் பட்டப்பின் படிப்பின் விதிகளை நோக்குவோம். இலங்கைத் தகைமைகள் கட்டமைப்பு, முதுமாணிப் பட்டத்தை இரு வகையாகப் பிரிக்கின்றது: பாடநெறி வழியானதற்கு 30 கிரெடிற்றுகள், ஆய்வும் சேர்ந்ததற்கு 60. பாடநெறியில் ஒரு கிரெடிற் என்பது 50 மணித்தியாலக் கற்றலைக் குறிக்கும். முதுதத்துவமாணிக்கு ஆகக் குறைந்தது இரண்டு ஆண்டுகளும், கலாநிதிப் பட்டத்துக்கு மூன்று ஆண்டுகளும் முழுநேர ஆய்வு வேண்டும். தரத்தைக் காக்க இத்தகைய அளவுகள் அவசியமே. ஆனால் இக்கணக்கு எத்தகைய மாணவனை மனத்திற் கொண்டது? தடையற்ற காலமும், வருமானக் கவலையற்ற குடும்பமும் உடையவனை அன்றோ? வயலையும் வேலையையும் விட்டு இரண்டு ஆண்டுகள் முழுநேரம் அமரவியலாத இளம் பொறியியலாளனுக்கு, அவ்விதியே மதிலாகின்றது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனித்தல் வேண்டும். பட்டப்படிப்புக்கான அனுமதியைத் தீர்மானிப்பது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு. பட்டப்பின் படிப்பின் ஒழுங்குகளை வகுப்பதிலோ, பல்கலைக்கழகத்தின் மூதவைக்கே, அதாவது கல்விமான்களுக்கே, பெரும்பங்கு உண்டு. முன்னதன் அநீதிக்கு அரசைச் சாடினோம். பின்னதன் குறைக்கு எவரைச் சாடுவது?

2018 டிசெம்பரில் இரணைமடுவின் கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சியின் தாழ்நிலங்கள் வெள்ளத்தில் மூழ்கியதை மக்கள் மறக்கவில்லை. இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுசெல்லும் திட்டத்தை விவசாயிகள் எதிர்த்ததும் அண்மைய வரலாறே. கதவுகள் எப்பொழுது திறக்கப்படவேண்டும், எத்தனை ஏக்கருக்குச் சிறுபோக நீர் போதும் என்பன பொறியியல் ஆய்வுக்குரிய வினாக்கள். இவற்றுக்கான தரவுகளின் ஒரு பகுதி அலுவலகக் கோப்புகளில் உண்டு. மறு பகுதி வாய்க்காலைக் காத்த முதிய விவசாயிகளின் நினைவில் உண்டு. அவ்விரண்டையும் இணைக்கத்தக்கவன், அம்மண்ணில் வளர்ந்த ஆய்வாளனே.

எனவே தரத்தைத் தளர்த்துமாறு எவரும் கோரவில்லை. பகுதிநேரப் பதிவுக்கு உரிய இடம், கள ஆய்வில் செலவிடும் காலத்துக்குரிய மதிப்பு, இடைநிறுத்திய படிப்பை மீளத் தொடரும் உரிமை என்பன விதிக்கோவையில் தெளிவாக எழுதப்படுதல் வேண்டும் என்பதே கோரிக்கை. இரணைமடுக் குளத்தைக் கட்டியபோது மண் சுமந்தவர்களின் பெயர்கள் எந்த ஆவணத்திலும் இல்லை. அத்தகையோரின் வழிவந்தவர்கள் அதே குளத்தை ஆராயும் நாள் வருமாயின், அதற்கு வழி வகுக்கவேண்டியது நமது மூதவைகளின் மேசையிலேயே.