எடை வரம்பும் எல்லைக் கோடும்: புதுச்சேரிச் சிற்றூர்களின் சடுகுடு

பிரெஞ்சு ஆட்சி 1880இல் ஏற்படுத்திய உள்ளாட்சிப் பிரிவுகளுக்குக் கொம்யூன் என்னும் பெயர் இன்றளவும் வழங்கிவரும் புதுச்சேரியில், வில்லியனூர், பாகூர்ப் பகுதிகள் கடலூர், விழுப்புரம் மாவட்டங்களின் ஊர்களோடு வயலும் வரப்புமாகக் கலந்து கிடப்பவை. எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் ஒரே சடுகுடுதான் ஆடப்பட்டது என்றாலும், ஆட்டக்காரனின் எதிர்காலத்தைத் தீர்மானிப்பதில் அந்த எல்லைக்குப் பிற்காலத்தில் பெரும் பங்கு வாய்த்தது.

சடுகுடு உயரத்தை மட்டும் நம்பிய ஆட்டமன்று. பாடிச் செல்பவனை மறிக்க இருவர் கைகோத்துச் சங்கிலி போடும்போது, குள்ளமானவன் முழங்காலை மடக்கித் தோளைத் தாழ்த்தி, அக்கைகளுக்கு அடியில் நுழைந்து நடுக்கோட்டைத் தொட்டுவிடுகிறான். இன்று ‘டுப்கி’ என்று இந்தியில் வழங்கும் இந்த உத்தியால்தான் கபடி வீரர் பர்தீப் நர்வால் புகழ்பெற்றார். பிடிப்பவர் வரிசையின் ஓரத்தில், கார்னர் எனப்படும் இடத்தில் நின்று கணுக்காலைப் பற்றுபவனுக்கும் தரைக்கு அருகிலிருக்கும் உடல் துணையே.

1936 பெர்லின் ஒலிம்பிக்கின்போது காட்சி ஆட்டமாக ஆடப்பட்டு, 1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் பதக்கப் போட்டியான இவ்வாட்டம், கபடி என்ற பெயரோடு எடை வரம்பையும் ஏற்றது. பதினாறு வயதுக்குட்பட்ட சப்-ஜூனியர் சிறுவர்க்கு 55 கிலோ, இருபது வயதுக்குட்பட்ட ஜூனியர் ஆண்களுக்கு 70 கிலோ என நெடுங்காலம் நிலவிய வரம்புகள், கனத்தவரை விலக்கினவேயன்றி மெலிந்தவருக்கென இடம் எதையும் ஒதுக்கவில்லை. 55 கிலோ வரை எடைத் தராசு காத்த பையன், கல்லூரி வாசலை எட்டும் அதே வயதில், தன்னைவிடப் பதினைந்து கிலோ மிகுந்தவர்களோடு மோத நேர்கிறது. சிறிய உடலுடையோர் பலர் கண்ணில் படாமலே விலகுவது இங்கேதான் என்பதால், பயிற்சியாளரின் அக்கறை மிகவும் வேண்டப்படுவதும் இவ்வயதிலேயே.

இவ்விடத்தில் எல்லை உதவிக்கு வருகிறது. ஒன்றியப் பகுதியான புதுச்சேரி தேசியப் போட்டிகளுக்குத் தனி அணி அனுப்புவதால், பாகூர்ப் பையன் தமிழ்நாடு முழுவதிலுமிருந்து வருவோரோடு போட்டியிடாமல், சில கொம்யூன்களின் இளைஞரிடையே பன்னிரண்டு பேரில் ஒருவனாக முயலலாம். அவ்வாறு பெறும் சான்றிதழுக்குத் தனி மதிப்புண்டு: மத்திய அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டில் தேசியப் போட்டிக்குப் படிவம் 2, பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டிக்குப் படிவம் 3, தேசியப் பள்ளி விளையாட்டுக்குப் படிவம் 4 என வகுத்துள்ளனர். புதுச்சேரியில் தொழிற்படிப்புச் சேர்க்கையை நடத்தும் சென்டாக் அமைப்பும் விளையாட்டு வீரர்க்கு இடம் ஒதுக்குகிறது.

சான்றிதழில் எந்தப் போட்டியில் ஆடினான் என்பது இருக்கும். சங்கிலிக்கு அடியில் எப்படி நுழைந்தான் என்பது இராது. அதனால்தான் திருவிழாவையும் பொங்கலையும் ஒட்டி எடை வரம்பு குறித்து நடத்தப்படும் ஊர்ப் போட்டிகள் இன்னும் தேவைப்படுகின்றன. அங்கே களத்தோரம் நிற்கும் உடற்கல்வி ஆசிரியர், உயரத்தை விட்டுவிட்டுக் கால் வைக்கும் இடத்தைக் கவனிக்கிறார்.