கரையறிந்த துணிவு: புதுச்சேரிப் பள்ளிகளின் சாகச முகாம்களும் மாணவர் பட்டறிவும்

‘அனுபவம்’ என்பதற்குத் தமிழில் ‘பட்டறிவு’ என்றொரு சொல் உண்டு. பட்டு அறிதல் என்று அது விரியும். படுதல் மட்டும் நிகழ்ந்து அறிதல் நிகழாவிட்டால் அதைப் பட்டறிவு என்று சொல்ல முடியாது. பள்ளிகள் நடத்தும் சாகச முகாம்களை மதிப்பிட இந்த ஒரு சொல்லே நல்ல உரைகல். புதுச்சேரி நகரத்துப் பெற்றோரும் ஆசிரியரும் பெரிதும் அறிந்த முகாமின் வடிவம் இதுதான்: இரண்டு மூன்று நாள் பயணம், ஏலகிரியோ ஏற்காடோ கொடைக்கானலோ ஒரு மலை, அங்கே கயிற்றுப் பாலம், ஜிப்லைன், இரவில் கேம்ப் ஃபயர், முடிவில் ஆளுக்கொரு சான்றிதழ். பிள்ளைகள் மகிழ்ச்சியோடு திரும்புகிறார்கள். அந்த மகிழ்ச்சியைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அது கல்வியாகிறதா என்பது தனிக் கேள்வி. மாணவர் அங்கே தாமாக எடுத்த முடிவுகள் எத்தனை, அம்முடிவுகளின் விளைவை ஊர் திரும்பிய பிறகும் அவர் சந்திக்கிறாரா என்ற இரண்டையும் கொண்டே முகாமின் பயனை அளக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். அப்படி அளந்தால், புதுச்சேரிப் பள்ளிகளுக்கு வேண்டிய முகாம்களம் மலையில் இல்லை. தன் கழிமுகத்திலும் கரையிலுமே இருக்கிறது.

ஜிப்லைனில் ஒரு மாணவி என்ன செய்கிறாள் என்று கூர்ந்து பார்க்கலாம். இடுப்புப் பட்டையை மாட்டுபவர் பயிற்றுநர். கம்பியில் கொக்கியைப் பூட்டி, பூட்டு விழுந்ததா என்று இழுத்துப் பார்ப்பவரும் அவரே. ‘ரெடியா’ என்று கேட்டு முதுகில் லேசாகத் தள்ளுகிறார். அடுத்த இருபது விநாடியில் மறுமுனை வந்துவிடுகிறது. பயம் முழுவதும் மாணவியுடையது. பொறுப்பு முழுவதும் பிறருடையது. இதற்கு எதிர்முனையில் கட்டுமரத்தை வைக்கலாம். மரங்களை வரிசையாகச் சேர்த்துக் கயிற்றால் வரிந்து கட்டினால்தான் அது கலம். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களை உலர விடுவது வழக்கம். கடலுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் கலத்தைப் புதிதாக உண்டாக்குவதற்கு ஒப்பான வேலை இது. ஆறு மாணவர் சேர்ந்து ஆழமற்ற கழியில் அப்படியொரு மிதவையைக் கட்டினால், எந்த மரம் நடுவில், கட்டு எவ்வளவு இறுக்கம், யார் முன்னால் உட்காருவது என்று பத்துப் பதினைந்து முடிவுகளை அவர்களே எடுத்தாக வேண்டும். தளர்ந்த கட்டைத் தண்ணீர் உடனே காட்டிக் கொடுத்துவிடும். திட்டுவதற்கு ஆசிரியர் தேவையில்லை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு இக்கரையில் ஃபைபர் படகுகள் பெருகின. கட்டுமரம் கட்டத் தெரிந்த கைகள் முதுமையடைந்து வருகின்றன. அந்தக் கைகளை ஆசிரியராக்க நமக்குக் கிடைத்திருக்கும் காலம் நீண்டதல்ல.

முகாமின் பயன் பற்றிய ஆய்வுகளில் இன்றும் அதிகமாக எடுத்துக்காட்டப்படுவது ஜான் ஹாட்டி, ஹெர்பர்ட் மார்ஷ், ஜேம்ஸ் நீல், காரி ரிச்சர்ட்ஸ் ஆகியோர் 1997இல் வெளியிட்ட தொகுப்பாய்வு. 96 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற ஏறத்தாழ 12,000 பேரையும் அது கணக்கில் கொண்டது. முகாம் முடிவில் சராசரி விளைவு 0.34 என்று கண்டது. குழுவின் நடுவில் நின்ற ஒருவர், நூறு பேர் வரிசையில் ஏறக்குறைய 63ஆம் இடத்துக்கு நகர்வதற்கு ஒப்பானது இந்த அளவு. இது பெரிய எண் அல்ல. வகுப்பறைக்குள் செய்யும் நல்ல முயற்சிகளும் இந்த அளவை எட்டுகின்றன. கவனத்துக்குரியது அடுத்த எண். பெரும்பாலான கல்வி முயற்சிகளின் பயன் நாளடைவில் தேய்கிறது. இங்கோ பின்தொடர் அளவீட்டில் மேலும் 0.17 கூடியிருந்தது. குறுகியவற்றைவிட நீண்ட முகாம்களே வலுவான விளைவைத் தந்தன என்பதும் அதே ஆய்வின் முடிவு. இந்தச் சான்றுக்கு வரம்புகள் உண்டு. பங்கேற்றவர் பெரும்பாலும் மேலை நாட்டவர், பெரியவர்களும் கலந்திருந்தனர், அளவீடுகளில் பல, பங்கேற்றவர் தம்மைப் பற்றித் தாமே சொன்னவை. அவ்வரம்புகளைக் கழித்த பிறகும், இரண்டு நாள் உல்லாசத்துக்கு இந்த ஆய்வைச் சான்றாகக் காட்ட முடியாது என்பது தெளிவாக நிற்கிறது. நினைவில் தங்குவது எது என்பதற்கு நம் மரபிலேயே ஓர் இடம் உண்டு. புறநானூற்றின் 243ஆம் பாடலில் தண்டூன்றிய முதியவர் ஒருவர் தம் இளமையை எண்ணி ஏங்குகிறார். அவர் நினைவில் எஞ்சியவற்றுள் ஒன்று, கரைமரத்தின் கிளையேறி ஆழ்ந்த மடுவில் குதித்து அடிமணலை அள்ளிவந்து காட்டியது. கிளையைத் தேர்ந்தவர் அவர். பார்த்து வியந்தவர் கரையில் நின்றவர்கள். சான்றாக அவர் கையில் இருந்தது மணல்.

சாகசக் கல்வியின் மீது வைக்கப்பட்ட மிக ஆழமான மறுப்பு ஆஸ்திரேலிய ஆய்வாளர் ஆண்ட்ரூ புரூக்ஸ் 2003இல் எழுதியது. முகாம் ‘குணத்தைக் கட்டமைக்கும்’ என்ற நம்பிக்கையே பிழை என்றார் அவர். மனிதர் நடந்துகொள்ளும் விதம் பெரிதும் சூழலைப் பொறுத்தது. மலையில் துணிச்சலாகவும் விட்டுக்கொடுப்பவனாகவும் இருந்த சிறுவன் வகுப்பறையிலும் அப்படியே இருப்பான் என்று கருதச் சமூக உளவியலில் போதிய ஆதாரம் இல்லை என்பது அவர் வாதம். இந்த மறுப்பைத் தட்டிக்கழிக்க நான் விரும்பவில்லை; இதன் பெரும்பகுதி சரி. ஆனால் இதை முழுதாக ஏற்றால் வந்து சேரும் இடம் வேறு. நடத்தை சூழலோடு ஒட்டியது என்றால், மாணவர் ஆண்டு முழுவதும் வாழும் சூழலிலேயே முகாமை நடத்த வேண்டும். ஏலகிரியில் பாறை இறங்கக் கற்றவனுக்கு முத்தியால்பேட்டையில் இறங்கப் பாறை கிடையாது. சுண்ணாம்பாற்றில் நீர் ஏறுவதையும் வற்றுவதையும் படிக்கக் கற்றவன் அதே நீரை அடுத்த மாதமும் பார்ப்பான். வாடை வீசும் மார்கழியில் கரையின் அலை எப்படியிருக்கும், தென்றல் எழும் மாலையில் எப்படியிருக்கும் என்று அறிந்தவள் கடற்கரைச் சாலையில் நடக்கும் ஒவ்வொரு மாலையும் அந்தப் பாடத்தைத் திரும்பப் படிக்கிறாள். புரூக்ஸின் மறுப்பு வீழ்த்துவது தொலைதூர முகாமை. அண்மை முகாமுக்கு அது அடித்தளமாகவே அமைகிறது.

இந்தக் கல்விமுறையின் தோற்றமும் இதையே சொல்கிறது. கல்வியாளர் குர்ட் ஹானும் கப்பல் நிறுவன உரிமையாளர் லாரன்ஸ் ஹோல்ட்டும் 1941இல் வேல்ஸின் அபர்டோவியில் முதல் ‘அவுட்வர்ட் பவுண்ட்’ பள்ளியைத் தொடங்கினார்கள். போரில் மூழ்கிய கப்பல்களின் உயிர்ப்படகுகளில், பாய்மரக் காலத்தில் பழகிய மூத்த மாலுமிகள் தாக்குப்பிடிக்க, இளையவர்கள் முன்னதாகவே மடிகிறார்கள் என்று ஹோல்ட் கருதினார். இளைஞர்களுக்குக் கடலைக் கொண்டு அளித்த பயிற்சி அது. பின்னர் அது உலகெங்கும் பரவியபோது கடலும் கரையும் கழன்று, ‘சவால்’ என்ற பொதுச்சொல் மட்டும் மிஞ்சியது. பிரான்சில் நடந்தது புதுச்சேரிக்கு இன்னும் நெருங்கிய பாடம். பாரிசை அடுத்த வான்வ் நகரில் பள்ளி மருத்துவர் மாக்ஸ் ஃபூரெஸ்தியே, பாட நேரத்தையும் உடற்பயிற்சி நேரத்தையும் சமன்செய்யும் சோதனையை 1950இல் தொடங்கினார். 1953இல் ஒரு வகுப்பு தன் ஆசிரியரோடு சவுவா மலைப்பகுதிக்குச் சென்று ஏறத்தாழ ஒரு மாதம் தங்கியது. பாடமும் நடந்தது, பனிச்சறுக்கும் நடந்தது. ‘பனி வகுப்பு’ என்று பெயர் பெற்ற அம்முறை பிறகு கடல் வகுப்பு, பசுமை வகுப்பு என்று விரிந்தது. 1953இல் புதுச்சேரி இன்னும் பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது. நடைமுறை ஆட்சிமாற்றம் 1954 நவம்பர் 1இல் நிகழ்ந்தது. ஃபூரெஸ்தியேயின் முறையில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, வகுப்பாசிரியர் கூடவே சென்றார் என்பதுதான். நம் முகாம்களில் ஆசிரியர் தலையெண்ணும் வேலையோடு நின்றுவிடுகிறார்; பயிற்றுநரோ முகாம் முடிந்த மூன்றாம் நாள் பிள்ளைகளின் பெயரையே மறந்துவிடுகிறார். பட்டதை அறிவாக மாற்றும் உரையாடலை நடத்த அங்கே ஆளில்லை. மலைகள் தாமே பேசிவிடுமா என்று 1980இல் தாமஸ் ஜேம்ஸ் எழுப்பிய கேள்வி அவுட்வர்ட் பவுண்ட் வட்டாரத்தில் இன்றும் விவாதிக்கப்படுகிறது. என் கணிப்பில் மலையும் நீரும் பேசும். ஆனால் கேட்டதை மறுநாள் காலை எடுத்துச் சொல்லச் சொல்லும் ஆசிரியர் இல்லையென்றால் அப்பேச்சு காற்றில் போகும்.

புதுச்சேரியில் இதற்கான விதைகள் ஏற்கெனவே ஊன்றப்பட்டிருக்கின்றன. 1943 டிசம்பர் 2இல் தொடங்கிய அரவிந்தர் ஆசிரமப் பள்ளி உடற்பயிற்சியை அன்றாடக் கல்வியின் உறுப்பாக்கியது. 1949 பிப்ரவரியிலிருந்து அதற்கெனவே ஓர் இதழும் வெளிவந்தது. பட்டமோ சான்றிதழோ வழங்காத பள்ளி அது. அதன் மாணவர் சூழல் தனித்தன்மையானது, மற்ற பள்ளிகளுக்கு அப்படியே பொருந்தாது என்பது உண்மையே. ஆனால் ஆண்டுக்கொரு முறை முகாம் என்பதற்கும் அன்றாடப் பழக்கம் என்பதற்கும் உள்ள வேறுபாட்டை இந்நகரமே எழுபது ஆண்டுக்கு மேல் கண்டுவருகிறது. அரசுப் பள்ளி மாணவருக்குத் தேசிய மாணவர் படை இருக்கிறது. அதன் கடற்படைப் பிரிவு மாணவர்கள் புதுச்சேரியிலிருந்து காரைக்காலுக்குப் பாய்மரப் படகில் போய்வந்திருக்கிறார்கள். பாயையும் துடுப்பையும் சேர்ந்து இயக்காவிட்டால் படகு நகராது என்பதை அவர்கள் புத்தகத்தில் படிக்கவில்லை. களங்களுக்கும் குறைவில்லை. நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாறு, தேங்காய்த்திட்டுச் சதுப்பின் அலையாத்திகள், 2008இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஊசுட்டேரி, கல்மரங்கள் கிடக்கும் திருவக்கரை எல்லாமே காலையில் போய் மாலையில் திரும்பும் தூரத்தில் உள்ளன. சரணாலயத்தில் கூச்சலும் படகும் கூடாது. அங்கே விடியற்காலை மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பதே பயிற்சி. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அதைவிடக் கடினமான சாகசம் குறைவு.

நீர் என்றதும் எழும் அச்சம் நியாயமானது. 2007 பிப்ரவரியில் கேரளத்தின் தட்டேக்காட்டில் படகு மூழ்கிப் பள்ளிப் பிள்ளைகள் 15 பேரும் ஆசிரியர் 3 பேரும் இறந்தனர். 2014 ஜூனில் இமாசலத்தின் பியாஸ் ஆற்றில் அணைநீர் திறக்கப்பட்டு ஐதராபாத் பொறியியல் மாணவர் 24 பேர் அடித்துச் செல்லப்பட்டனர். 2024 ஜனவரியில் வதோதராவின் ஹர்ணி ஏரியில் 12 மாணவரும் 2 ஆசிரியரும் மாண்டனர். இந்தப் பெயர்களைச் சொல்லாமல் சாகச முகாமைப் பரிந்துரைப்பது நேர்மையாகாது. ஆனால் மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு பொதுத்தன்மை தெரிகிறது. மூன்றுமே சுற்றுலாக்கள். பிள்ளைகள் அங்கே பயணிகளாகவோ பார்வையாளர்களாகவோ மட்டும் இருந்தார்கள். படகில் எத்தனை பேர் ஏறலாம், இந்த ஆற்றில் நீர் எப்போது உயரும் என்று அவர்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லித் தரவில்லை. அதை அறிந்திருக்க வேண்டிய பெரியவர்கள் தவறினார்கள். நீரைப் பற்றிய அறியாமையில் பிள்ளைகளை வைத்திருப்பது பாதுகாப்பாகாது. 1993 மார்ச்சில் இங்கிலாந்தின் லைம் விரிகுடாவில் படகோட்டப் போன மாணவர் நால்வர் இறந்தபோது, அந்நாடு முகாம்களைத் தடை செய்யவில்லை. 1995இல் சட்டம் இயற்றி, இளையோருக்குச் சாகசப் பயிற்சி அளிக்கும் நிலையங்களுக்கு உரிமமும் ஆய்வும் கட்டாயமாக்கியது. நம்மிடம் விபத்துக்குப் பிறகு சுற்றறிக்கை வருகிறது, சில மாதத்தில் மறக்கப்படுகிறது. வேண்டியது உரிமம்.

பெண்பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் தயங்குவதற்கு 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நடந்தது போதுமான காரணம். தேசிய மாணவர் படை முகாம் என்ற பொய்ப்பெயரில், பள்ளி வளாகத்திலேயே நடத்தப்பட்ட முகாமில் சிறுமிகள் பாலியல் கொடுமைக்கு ஆளானார்கள். தங்கள் பள்ளியில் முகாம் நடத்த வந்தவர் யார் என்று ஒரு தொலைபேசி அழைப்பில் உறுதிசெய்துகொள்ளக்கூட அங்கே முறை இல்லை. இந்தக் குற்றத்துக்கு விடையாகப் பெண்களை முகாமிலிருந்து விலக்கினால், தண்டனையை அவர்கள் மீதே சுமத்தியவர்களாவோம். இரவுத் தங்கலின்றி, அறிந்த ஆசிரியைகளோடு, ஊருக்குள்ளேயே நடக்கும் முகாம் இந்த ஆபத்தைப் பெருமளவு குறைக்கிறது. பெண்களுக்கும் ஆண்களுக்கும் ஒரே உடற்பயிற்சி என்பதை ஆசிரமப் பள்ளியில் அதை நிறுவிய ஸ்ரீ அன்னை 1940களின் இறுதியிலேயே நடைமுறைக்குக் கொண்டுவந்தார். இந்நகரத்துக்கு அது புதுமையே அல்ல.

நேரமும் செலவும் பற்றிய தடைகள் அவ்வளவு வலுவானவை அல்ல. 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில் படிக்கும் காலத்துக்குள் மாணவர் ஒவ்வொருவருக்கும் 10 நாள் புத்தகப்பை இல்லாக் காலம் வேண்டும் என்று 2020 தேசியக் கல்விக் கொள்கை பரிந்துரைக்கிறது. புதுச்சேரியின் அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறியிருக்கும் நிலையில், அந்தப் பத்து நாளைத் தொடர்ச்சியான முகாமாக்கத் தனி அனுமதியைத் தேடி அலைய வேண்டியதில்லை. மலைப் பயணக் கட்டணம் கட்ட முடியாமல் வகுப்பில் சிலர் பின்தங்கிவிடும் அவமானமும் அண்மை முகாமில் இல்லை. வைத்திக்குப்பத்திலிருந்தோ வீராம்பட்டினத்திலிருந்தோ வரும் மீனவர் வீட்டுப் பிள்ளை, ஆங்கிலப் பாடத்தில் தலைகுனிந்து உட்கார்பவன், கழிமுகத்தில் மற்றவருக்குக் கயிறு கட்டக் கற்றுத்தருவான். வகுப்பறையின் தரவரிசை ஒரு நாளாவது கலைந்து வேறாக அடுக்கப்படும். முகாம் தரும் பயன்களில் இதையே நான் முதலாவதாக வைப்பேன்.

அடுத்த கல்வியாண்டு தொடங்குமுன் புதுச்சேரிக் கல்வித்துறை செய்யக்கூடியவை சில உண்டு. முகாம் நடத்துவோருக்கான உரிம விதிகளை மீன்வளத்துறையோடும் வனத்துறையோடும் சேர்ந்து எழுத வேண்டும். பள்ளிக்கு இரண்டு ஆசிரியருக்காவது நீச்சல், உயிர்மீட்பு, முதலுதவி மூன்றிலும் பயிற்சி தர வேண்டும். கட்டுமரமும் காற்றும் அறிந்த மூத்த மீனவர்களை மதிப்பூதியத்தோடு அழைக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் கடலோரப் பயிற்சியை நிறுத்திவைக்க வேண்டும். பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள்: முகாமுக்குப் பணம் கட்டுமுன், என் பிள்ளை அங்கே எதைத் தானே முடிவு செய்யும் என்று பள்ளியில் கேளுங்கள். பதில் வராவிட்டால் கட்டாதீர்கள். நகரத்திலிருந்து சுண்ணாம்பாறு 8 கிலோமீட்டர்தான்.