இடக்கரடக்கலும் ஓர் ஓட்டமும்

ஒரு நோயின் வரலாறு மருத்துவமனைகளில் மட்டும் எழுதப்படுவதன்று. அதன் பெயரை ஊரார் எப்போது உரக்கச் சொல்லத் துணிந்தனர் என்பதும் அவ்வரலாற்றின் ஒரு பகுதியே. மார்பகப் புற்றுநோய்க்கு நிதி திரட்ட அமெரிக்க நகரங்களில் மக்கள் கூடி ஓடிய ஓட்டங்களை இக்கோணத்தில் நோக்கலாம்.

1950களின் தொடக்கத்தில், இந்நோயிலிருந்து மீண்ட ஃபேனி ரோசனாவ் என்ற பெண்மணி, தம்மைப் போன்றோர் கூடும் கூட்டத்திற்கு விளம்பரம் தர நியூயார்க் டைம்ஸ் நாளிதழை அணுகினார். 'மார்பகம்', 'புற்றுநோய்' ஆகிய இரு சொற்களையும் அச்சிட இயலாது என்றனர். 'நெஞ்சுச்சுவர் நோய்கள்' என்று போடலாமா என்றும் கேட்டனராம். புற்றுநோயின் வரலாறு கூறும் தம் நூலில் சித்தார்த்த முகர்ஜி இதைக் குறிப்பிடுகிறார். நம் இலக்கணிகள் இடக்கரடக்கல் என வகுத்தது எம்மொழிக்கும் பொதுவே. ஆனால் பெயரையே சொல்லக் கூசும் நோயைப் பற்றிப் பெண்கள் யாரிடம் கேட்பார்கள்?

1974இல் அதிபர் ஜெரால்டு ஃபோர்டின் மனைவி பெட்டி ஃபோர்டு, தமக்கு நடந்த மார்பக அறுவைச் சிகிச்சையை மறைக்காது அறிவித்தார். அதன்பின் பரிசோதனைக்கு வரும் பெண்களின் தொகை பெருகியது.

இலினாய் மாநிலத்துப் பியோரியா ஊரில் பிறந்த சூசன் கோமன் 1980இல், தம் 36ஆம் வயதில், இந்நோயால் மறைந்தார். அக்காவுக்கு அளித்த வாக்கின்படி, தங்கை நான்சி பிரிங்கர் 1982இல் டல்லாஸ் நகரில் அவர் பெயராலேயே ஓர் அறக்கட்டளையை நிறுவினார். 1983இல் அங்கு நடந்த முதல் ஓட்டத்தில் கலந்துகொண்டோர் 800 பேர். மறு ஆண்டே பிரிங்கருக்கும் அந்நோய் கண்டறியப்பட்டது. சிகிச்சை பெற்று மீண்டார்.

ஐந்து கிலோமீட்டர் என்பது வீரர்களுக்கான தொலைவன்று, நடந்தும் கடக்கலாம். ஆகவே பாட்டியும் பேத்தியும் ஒன்றாக வந்தனர். இறந்த தாயின் பெயரெழுதிய தாளை முதுகில் குத்திக்கொண்டு பிள்ளைகள் ஓடினர். திரண்ட நிதியின் பெரும்பகுதி நெடுங்காலம் அந்தந்த ஊரின் பரிசோதனை, உதவிப் பணிகளுக்கே சென்றது, எஞ்சியது ஆய்வுக்கு. பிற்காலத்தில் நூற்றுக்கு மேற்பட்ட நகரங்களில் இவ்வோட்டம் நடந்தது. நாளிதழ் அச்சிட மறுத்த சொற்கள் தெருவில் பதாகைகளாயின.

1991இல் நியூயார்க் ஓட்டத்தில் இளஞ்சிவப்பு ரிப்பன்கள் வழங்கப்பட்டன. ஏறத்தாழ அக்காலத்திலேயே, கலிபோர்னியாவில் சார்லட் ஹேலி என்ற மூதாட்டி, பீச் பழ நிறத்தில் தம் கையாலேயே ரிப்பன்கள் செய்து அட்டையில் பொருத்தி வழங்கிவந்தார். அவருடைய பாட்டி, சகோதரி, மகள் மூவரும் இந்நோய்க்கு ஆளானவர்கள். தேசியப் புற்றுநோய்க் கழகத்தின் ஆண்டு நிதி 180 கோடி டாலர். அதில் 5 விழுக்காடு மட்டுமே தடுப்புக்குச் செல்கிறது என்று அவ்வட்டையில் குறித்திருந்தார். 1992இல் 'செல்ஃப்' இதழ் அவரோடு இணைய விரும்பியபோது, இது வணிகமாகிவிடும் என்று மறுத்தார். வழக்கறிஞரின் யோசனைப்படி இதழினர் வேறு நிறம் தேர்ந்தனர். இளஞ்சிவப்பு உலகெங்கும் பரவியது. அட்டையிலிருந்த கணக்கு உடன் செல்லவில்லை.

ஓடியவர்கள் வீணாக ஓடவில்லை. கூச்சம் கலைந்து பல பெண்கள் உரிய காலத்தில் மருத்துவரை நாட அவர்களும் ஒரு காரணம். எனினும் நோயைக் காலத்தே கண்டறிவது வேறு, வராமற் காப்பது வேறு. ஹேலி கேட்டது இரண்டாவதைப் பற்றி. இவ்வோட்டங்களின் வரலாற்றை எழுதுவோர் டல்லாஸின் 800 பேரோடு அந்த அட்டையையும் சேர்த்தே எழுத வேண்டும் என்பது நம் கருத்து.