புகையிலைப் பையில் இருந்த விதை

யோசெமிட்டி காட்டுப்பாதையில் நடந்துகொண்டிருந்தபோது ஒரு பைன் கூம்பு காலில் இடறியது. எடுத்துப் பார்த்தால் என் முழங்கையிலிருந்து விரல்நுனி வரை நீளம்! செல்போன் செயலியில் படம் எடுத்துப் போட்டேன். ‘பைன்’ என்றது. அது எனக்கே தெரியுமே.

கூட வந்த நண்பர்தான் வழி சொன்னார்: “ஊசிய எண்ணிப் பாருங்க.”

பைனின் ஊசியிலைகள் கொத்துக்கொத்தாக வளரும். அந்த மலையில் கொத்துக்கு 2 என்றால் லாட்ஜ்போல் பைன். 3 என்றால் பாண்டரோசா அல்லது ஜெஃப்ரி. என் கையிலிருந்த கொத்தில் 5. ஐந்து ஊசிப் பைன்கள் அங்கே வேறும் உண்டு. ஆனால் கிளை நுனியில் தொங்கி, 50 செ.மீ. வரை நீளும் கூம்பு சுகர் பைனுக்குத்தான். பைன்களிலேயே மிக உயரமான இனம் இது. 80 மீட்டரைத் தாண்டிய மரங்களை அளந்திருக்கிறார்கள். காயம்பட்ட இடத்தில் வடியும் பிசின் இனிக்கும் என்பதால் இந்தப் பெயர்.

இந்த மரத்தை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியவர் ஸ்காட்லாந்துக்காரரான டேவிட் டக்ளஸ். லண்டன் தோட்டக்கலைச் சங்கம் விதை சேகரிக்க அனுப்பிய ஆள். 1825இல், இன்றைய ஓரிகன் பகுதியில், ஒரு பழங்குடி மனிதரின் புகையிலைப் பையில் பெரிய பைன் விதைகளைப் பார்த்தார். தெற்கே மலையில் வளர்கிறது என்றார்கள். மறு வருடம் அக்டோபரில் தேடிப் போனார். வழியில் சந்தித்தவருக்குப் பென்சிலால் கூம்பை வரைந்து காட்ட, அவர் உடனே தெற்கு மலைகளைக் கை காட்டினார்.

மரம் கிடைத்தது, ஏற முடியவில்லை. துப்பாக்கியால் கூம்புகளைச் சுட்டு வீழ்த்தினார். சத்தம் கேட்டு ஆயுதங்களோடு 8 பேர் வந்துவிட்டார்கள். கூம்பு கொண்டுவந்தால் புகையிலை தருவதாகச் சொல்லி அவர்களை அனுப்பிவிட்டு, 3 கூம்புகளோடு நழுவிவிட்டார்.

மரத்துக்கு அவர் வைத்த பெயர் பைனஸ் லாம்பெர்ட்டியானா. பைன்களைப் பற்றி நூல் எழுதிய இங்கிலாந்துக்காரர் லாம்பெர்ட்டுக்கு மரியாதை. விதையைப் பையில் வைத்திருந்தவரின் பெயரோ, வழி காட்டியவரின் பெயரோ எந்த அறிவியல் பெயரிலும் இல்லை. அவர்கள் இல்லையென்றால் டக்ளஸ் எந்த மலையில் என்று தேடியிருப்பார்?

இன்று அந்த மரத்துக்கே ஆபத்து. சுமார் 1910இல் ஐரோப்பாவிலிருந்து வந்த நாற்றுகளோடு ஒரு துருநோய்ப் பூசணமும் மேற்குக் கரைக்கு வந்து சேர்ந்தது. பைன்களில் அது தாக்குவது ஐந்து ஊசி இனங்களை மட்டும். நாம் அடையாளம் காண எண்ணுகிற அதே ஐந்து! சில மரங்களுக்கு மட்டும் பிறவியிலேயே எதிர்ப்புச் சக்தி இருக்கிறது. வனத்துறையினர் அவற்றைத் தேடிக் கண்டுபிடித்து, கூம்புகளைப் பறித்து, நாற்று வளர்க்கிறார்கள்.

இருநூறு வருடம் கழித்தும் வேலை அதேதான்: சரியான மரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும், விதையைக் கீழே கொண்டுவர வேண்டும்.

கூம்பை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன்.