மீண்டும் அரைமண்டியில்: நடனம், உடல் எடை, ஒருவருக்கொருவர் துணை

கிளிநொச்சியில் ஒரு சனசமூக நிலைய மண்டபம். செவ்வாய், வியாழன், ஞாயிறு மாலைகளில் நாங்கள் ஏழு பெண்கள் அங்கே கூடுகிறோம். இளையவருக்கு 29 வயது, மூத்தவருக்கு 52. எல்லோரும் ஒரு காலத்தில் பரதநாட்டியம் பயின்றவர்கள். யாருமே அதை முடிக்கவில்லை. ஒருவர் 1995 இடப்பெயர்வோடு விட்டார். இன்னொருவர் திருமணத்தோடு விட்டார். நான் வட இலங்கை சங்கீத சபையின் நான்காம் தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது, 2008இல், சலங்கையை வீட்டிலேயே விட்டுவிட்டு வெளிக்கிட்டேன்.

நாங்கள் மீண்டும் ஆடத் தொடங்கியது கலையார்வத்தால் அல்ல. கிளினிக் கொப்பியில் எழுதப்பட்ட இலக்கங்கள்தான் காரணம். எனக்கு உயரம் 155 சென்ரிமீற்றர், எடை 74 கிலோ, நீரிழிவு வரும் எல்லையில் குருதிச் சீனி. ஏழு பேரில் மூவருக்கு ஏற்கெனவே நீரிழிவு. இருவருக்குக் குருதி அமுக்கம். எல்லோருக்கும் நாரி நோவோ முழங்கால் நோவோ இருந்தது.

எட்டு மாதங்களில் என் எடை 68 கிலோவாகக் குறைந்தது. எப்படி என்று பலர் கேட்டார்கள். கேட்டவர்களுக்குச் சொன்னதை, பின்னணித் தகவல்களோடு இங்கே தொகுத்திருக்கிறேன்.

எந்த எடை அதிகமான எடை?

உடல் திணிவுச் சுட்டி என்பது கிலோவில் உள்ள எடையை மீற்றரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது. உலகளவில் 25ஐத் தாண்டினால் அதிக எடை என்பார்கள். தெற்காசியர்களுக்கு அதைவிடக் குறைந்த சுட்டியிலேயே நீரிழிவும் இதய நோயும் வருவதால், 23இலிருந்தே ஆபத்து கூடுவதாகவும் 27.5இலிருந்து அதிக ஆபத்து எனவும் உலக சுகாதார நிறுவனம் ஆசிய மக்களுக்கெனக் குறிப்பிட்டிருக்கிறது. 155 சென்ரிமீற்றர் உயரமுள்ள ஒருவருக்கு 23 என்பது ஏறக்குறைய 55 கிலோ. 27.5 என்பது 66 கிலோ.

இடுப்புச் சுற்றளவு இதைவிட எளிதான அளவு. தையல் நாடா போதும். தெற்காசியப் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றருக்குக் கீழும் ஆண்களுக்கு 90க்குக் கீழும் இருப்பது நல்லது. வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்புத்தான் கூடுதல் தீங்கு செய்கிறது.

இந்த இலக்கங்களைப் பார்த்து நாங்கள் முதலில் சோர்ந்துபோனோம். எனக்கு 19 கிலோ குறைய வேண்டும். ஆனால் அவ்வளவும் குறைந்தால்தான் பயன் என்றில்லை. அமெரிக்காவில் நீரிழிவின் எல்லையில் இருந்தவர்களிடம் நடத்தப்பட்டு 2002இல் வெளியான பெரிய ஆய்வொன்றில் வைக்கப்பட்ட இலக்கு, உடல் எடையில் 7 வீதத்தைக் குறைப்பதும் வாரத்துக்கு 150 நிமிடம் உடலை அசைப்பதும் மட்டுமே. அந்த வழியில் சென்றவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 58 வீதத்தால் குறைந்தது. 74 கிலோவில் 7 வீதம் என்பது ஐந்து கிலோ சொச்சம். அது எட்டக்கூடிய தூரம்.

முழங்காலுக்கும் இது பொருந்தும். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கையில் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் விழும் சுமை ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது.

பசி கண்ட உடல்

எங்கள் உடல்களைப் பற்றிப் பேசும்போது ஒன்றை விட்டுவிட முடியாது. எங்களில் நால்வர் 2009இன் முதல் மாதங்களில் கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்கள். அதன் பிறகு முகாமில் அரிசியும் மாவும் பருப்பும் சீனியுமாக நிவாரணத்தில் வாழ்ந்தவர்கள். கோப்பையில் ஒரு பிடி சோறு மிஞ்சினால் எங்களால் எறிய முடியாது. பிள்ளைகள் மிச்சம் விட்டதையும் நாங்களே சாப்பிட்டு முடிப்போம். பயம் வந்தால் சாப்பிடுவோம். நித்திரை வராவிட்டால் பாணும் சம்பலும் தேடுவோம். இதைச் சோம்பல் என்றோ வாய்க்கட்டுப்பாடு இல்லை என்றோ சொல்பவர்களுக்கு நாங்கள் பதில் சொல்வதில்லை.

ஆகவே எங்கள் குழுவின் முதல் விதி, யாரும் யாரையும் பட்டினி கிடக்கச் சொல்லக்கூடாது என்பது. "ராச்சாப்பாட்டை விட்டுப்பார்" என்று தொடக்கத்தில் ஒருவர் சொன்னபோது, 52 வயது அக்கா மெல்லச் சொன்னார்: "நான் விட்டுப்பார்த்தனான் பிள்ளை, 2009இல. திரும்ப ஏலாது."

சாப்பாட்டைக் குறைப்பதற்குப் பதிலாக, கோப்பையில் எது எவ்வளவு என்பதை மாற்றினோம். பாதி மரக்கறியும் இலைக்கறியும். கால்வாசி சோறு அல்லது இடியப்பம். மீதிக் கால்வாசி மீன், முட்டை, பருப்பு, பயறு அல்லது கௌபி. முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணி எல்லாம் வேலியோரத்திலும் சந்தையிலும் கிடைப்பவைதாம். சமைக்கும்போதே அளவாகச் சமைத்தால் எறிய வேண்டிய சோறு மிஞ்சாது.

அதிக மாற்றத்தைத் தந்தது தேநீர். நாளொன்றுக்கு ஐந்து தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி என்றால் பத்துக் கரண்டி, ஏறக்குறைய 40 கிராம். வளர்ந்த ஒருவர் சேர்க்கும் சீனியை நாளுக்கு 25 கிராம் அளவுக்குள் வைத்திருப்பது இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. நாங்கள் இரண்டு வாரத்துக்கு அரைக் கரண்டி வீதம் குறைத்தோம். இரண்டு மாதத்தில் நாக்கு பழகிவிட்டது.

பரதம் உடற்பயிற்சியாகுமா?

ஆகும், முறையாக ஆடினால். வளர்ந்தவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்புச் செய்ய வேண்டும், இரண்டு நாளாவது தசையைப் பலப்படுத்தும் பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டல் சொல்கிறது. மூன்று நாள் ஐம்பது நிமிடம் ஆடினால் 150 வந்துவிடும். அரைமண்டியில் நிற்பதும் முழுமண்டியிலிருந்து எழுவதும் தொடைக்கும் இடுப்புக்கும் பலப்பயிற்சிதான்.

அடவுகளை மூன்று காலத்திலும் செய்வது எங்களுக்கு வசதியாக அமைந்தது. முதற்காலம் உடலைச் சூடாக்கும். இரண்டாம் காலத்தில் மூச்சு வாங்கும். மூன்றாம் காலத்தில் வியர்வை கொட்டும். பிறகு மீண்டும் முதற்காலத்துக்கு இறங்கி மூச்சை மீட்கலாம்.

எவ்வளவு வேகம் போதும் என்பதை அறியக் கருவி வேண்டியதில்லை. கதைக்க முடிகிறது, பாட முடியவில்லை என்றால் அது மிதமான உழைப்பு. சில சொற்களுக்கு மேல் சொல்ல முடியவில்லை என்றால் கடுமையான உழைப்பு. நாங்கள் ஆடிக்கொண்டே "தையா தை" சொல்லிப்பார்ப்போம். சொல்லே வராவிட்டால் காலத்தைக் குறைப்போம்.

முதலில் கவனிக்க வேண்டியவை இவை.

பத்து நிமிடம் உடலைச் சூடாக்காமல் அரைமண்டியில் இருக்கக்கூடாது. முடிவில் ஐந்து நிமிடமாவது தசைகளை நீட்டித் தளர்த்த வேண்டும்.

அரைமண்டியில் கால் விரிவது இடுப்பு மூட்டிலிருந்து. பாதத்தை மட்டும் வலிந்து திருப்பினால் முழங்கால் முறுகும். முழங்கால் பாதவிரல்கள் நோக்கும் திசையிலேயே இருக்க வேண்டும். ஆழமாக இருக்க முடியாவிட்டால் உயர இருக்கலாம். முழங்கால் நோவுள்ளவர்கள் முழுமண்டியை விட்டுவிடலாம்.

சீமெந்துத் தரையில் ஓங்கித் தட்டினால் கணைக்காலும் குதிக்காலும் நோகும். நாங்கள் முதல் மூன்று மாதம் பாய்ச்சல் அடவுகளைத் தொடவில்லை, தட்டுவதையும் மெதுவாகவே செய்தோம். குதிக்காலில் காலையில் நோ இருந்தால் அன்று இருந்து கை முத்திரை மட்டும்.

நீரிழிவுக்கு இன்சுலின் போடுபவர்களுக்கும் சிலவகைக் குளிசை எடுப்பவர்களுக்கும் ஆடும்போது சீனி திடீரெனக் குறையலாம். நடுக்கம், குளிர்ந்த வியர்வை, தலைச்சுற்று வந்தால் உடனே நிறுத்தி மூன்று நான்கு கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். எங்கள் மண்டப அலுமாரியில் ஒரு சீனிப் போத்தல் எப்போதும் உண்டு. நெஞ்சு நோவோ மூச்சுத்திணறலோ வந்தால் வைத்தியசாலைதான்.

உடலில் குண்டுச் சிதறல் உள்ளவர்கள், சத்திரசிகிச்சை செய்தவர்கள், செயற்கைக் கால் அணிபவர்கள் வைத்தியரிடமோ இயன்மருத்துவரிடமோ கேட்டபின் தொடங்குவது அவசியம். தொடங்கவே முடியாது என்று நினைக்க வேண்டியதில்லை. இந்தியாவின் சுதா சந்திரன் 1981இல் நடந்த விபத்தில் வலது காலை இழந்து, ஜெய்ப்பூர் செயற்கைக் காலுடன் மீண்டும் பரதமாட மேடையேறியவர்.

நடன வகுப்பின் பழைய காயம்

எங்களில் மூவர் சிறுவயதில் வகுப்பில் "குண்டு" என்று அழைக்கப்பட்டவர்கள். ஒருவருக்குப் பின்வரிசைதான் எப்போதும். அந்தப் பேச்சால் யாரும் மெலியவில்லை. ஒருவர் வகுப்பையே விட்டார். இன்னொருவர் அரங்கேற்றத்துக்கு முந்திய மாதங்களில் ஒரு நேரம் மட்டும் சாப்பிட்டு ஆடி, மாதவிடாய் நின்றுபோன நிலைக்கு வந்தார்.

இது நடன உலகெங்கும் உள்ள சிக்கல். ஆடும் உழைப்புக்கு ஏற்ற உணவு கிடைக்காதபோது மாதவிடாய் தடைப்படும், எலும்பு பலவீனமாகும், காயங்கள் ஆறாது, மனம் சோரும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் இதற்கெனத் தனிப்பெயர் வைத்து எச்சரித்தது. அந்தப் பட்டியலில் நடனக்காரர்களும் அடங்குவர். வளரும் பெண்பிள்ளைக்கு மூன்று மாதம் தொடர்ந்து மாதவிடாய் வராவிட்டால் அதைப் பயிற்சியின் பலன் என்று எண்ணாமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். ஆசிரியர்கள் மாணவரின் எடையைப் பற்றி மற்றவர்கள் முன்னால் பேசாதிருப்பதே பெரிய உதவி.

துணை எப்படி வேலை செய்கிறது?

தனியாக நான் மூன்று முறை முயன்றிருக்கிறேன். இரண்டு வாரத்தைத் தாண்டியதில்லை. இப்போது ஏன் தாண்டினேன்? மண்டபத்தின் திறப்பு என்னிடம் இருந்தது. நான் போகாவிட்டால் ஆறு பேர் வாசலில் நிற்பார்கள். எங்கள் ஏற்பாடுகள் எளிமையானவை.

நாளும் நேரமும் மாறாது. மழைக்கு மட்டும் விலக்கு.

வட்ஸ்அப் குழுவில் எடையை எழுதுவதில்லை. "ஆடினேன்", "நடந்தேன்" என்று மட்டும் எழுதுவோம். எடை பார்ப்பது மாதத்துக்கு ஒருமுறை. சொல்வதும் சொல்லாததும் அவரவர் விருப்பம்.

இருவர் இருவராகச் சோடி. ஒருவர் தொடர்ந்து இரண்டு நாள் வராவிட்டால் சோடி வீட்டுக்குப் போவார், "ஏன் வரேல்லை" என்று கேட்க அல்ல, தேநீர் குடிக்க.

நட்டுவாங்கம் முறைவைத்து மாறும். நோவால் ஆட முடியாதவரும் தட்டுக்கழி பிடிக்க வர வேண்டும்.

அளப்பதற்கு எடையைவிட வேறு அளவுகள் வைத்திருக்கிறோம். எத்தனை தட்டடவு மூச்சு வாங்காமல், எத்தனை நிமிடம் அரைமண்டியில், நிலத்திலிருந்து கையூன்றாமல் எழ முடிகிறதா என்பவை. எடை அசையாமல் நின்ற இரண்டு மாதங்களில் எங்களைப் பிடித்துவைத்தவை இவைதாம்.

தொடங்க நினைப்பவர்கள் முதலில் ஒரு பரிசோதனை செய்துகொள்ளுங்கள். 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அரச வைத்தியசாலைகளில் இயங்கும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில் எடை, குருதி அமுக்கம், சீனி ஆகியவற்றை இலவசமாகப் பார்ப்பார்கள். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரைக் கேட்டால் நாளையும் இடத்தையும் சொல்வார்.

வாசலில் இருந்தவர்

எங்களில் ஒருவரின் கணவர் 2009இல் காணாமலாக்கப்பட்டவர். முதல் ஐந்து வாரமும் அவர் வாசற்படியில் இருந்து தட்டுக்கழி மட்டும் பிடித்தார். "அவர் எங்க எண்டு தெரியாமல் நான் ஆடுறதைச் சனம் என்னெண்டு கதைக்கும்?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இருக்கவில்லை. வா என்று யாரும் வற்புறுத்தவுமில்லை. அவருக்கு நீரிழிவு இருந்தது. கணவரைத் தேடிப் படிகள் ஏறி இறங்க வேண்டிய கால்கள் அவருடையவை.

ஆறாவது வாரம் அவர் தட்டுக்கழியை என்னிடம் நீட்டிவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கடைசி வரிசையில் வந்து நின்றார். தட்டிக் கும்பிட்டார். முதற்காலத் தட்டடவு முழுவதையும் ஆடினார். யாரும் கைதட்டவில்லை. அடுத்த அடவுக்கு நான் தாளம் போட்டேன்.

அவர் எவ்வளவு எடை குறைந்தார் என்று எனக்குத் தெரியாது. கேட்டதில்லை. அண்மைய கிளினிக்கில் சீனி குறைந்திருப்பதாகச் சொன்னார். செவ்வாய்க்கிழமைகளில் இப்போது மண்டபத்தை முதலில் திறப்பவர் அவர்தான். திறப்பை அவரிடம் கொடுத்துவிட்டேன்.